யூசுபுக்காக நீங்கள் பந்தியில் சொன்ன சாட்சி

என் காதர் மச்சானுக்கு, உங்கள் மும்தாஜ் ஸலாம் சொல்லி எழுதுவது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்துகொண்டு, கடல் தாண்டிய ஒரு நாட்டு நீதிபதி முன்னால் சாட்சி சொல்லியிருக்கிறேன். ரேஷன் கடையில் சீனி எடை குறைந்ததற்கு நான் வாயைத் திறந்தாலே "விடு புள்ள, விடு புள்ள" என்று கையைப் பிடித்து இழுப்பீர்களே, இப்போது இழுக்க ஆள் இல்லை. அதனால் பேசிவிட்டேன். நன்றாகவே பேசினேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

அதற்கு முன்னால் வீட்டுச் செய்தி. உங்கள் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையை டெய்லர் கடையாக்கி இரண்டு வருஷம் ஆகிறது. கோபமா? நீங்கள் கண்ணை மூடிய பிறகு அந்த கேஸ் சிலிண்டரையும் கம்ப்ரசரையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பர்ஹானா டிகிரி முடித்துவிட்டாள். குற்றாலத்தில் அந்த லாட்ஜில்தான் ரிசப்ஷனில் இருக்கிறாள். உங்களைப் போலவே யாரிடமும் சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. அதனால் அங்கே எல்லோருக்கும் அவளைப் பிடிக்கிறது.

யூசுப் கதைக்கு வருகிறேன். உங்கள் நம்பரை நான் கட் பண்ணவில்லை. போன வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரம் இருக்கும், அந்த போனுக்கு ஏதோ வெளிநாட்டு நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால், "அண்ணி, நான் யூசுப் பேசுதேன். அண்ணன் இருக்காவளா?" என்று ஒரு குரல். அசல் தென்காசிப் பேச்சு. மேலப்பாளையத்துக்காரர் யாரோ என்றுதான் நினைத்தேன். வளைகுடாவில் உங்களோடு ஒரே ரூமில் ஏழு வருஷம் இருந்த பாகிஸ்தான்காரர், கிறிஸ்தவர், உங்கள் ரூம்காரர்களிடமே தமிழ் படித்தவர் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. நீங்கள் மௌத்தான சேதியை நான் சொன்னதும் அழுதுவிட்டார். நானும் அழுதேன். நேரில் பார்த்திராத ஒருத்தரோடு சேர்ந்து உங்களுக்காக அழுவது அதுதான் முதல் தடவை.

அவர் ஊர் திரும்பி ஏசி ரிப்பேர் கடை போட்டிருக்கிறார். அந்தக் கடை இடத்தின் மேல் கண் வைத்த ஒருவன், குர்ஆன் தாளைக் குப்பையில் போட்டார் என்று இவர் மேல் பழி சொல்லிவிட்டான். அந்த ஊரில் அந்தப் பழி வந்தால் விசாரணைக்கெல்லாம் நேரம் கிடையாதாம். கூட்டம் வந்து வீட்டைக் கொளுத்தியிருக்கிறது. பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்மணி ஒருத்தி யூசுபின் இரண்டு பெண் பிள்ளைகளையும் தன் வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தி, இரண்டு நாள் ஒளித்து வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள். பேரைக் கேட்டேன். சொன்னார். ஐந்து வேளையும் அவளுக்கு துஆ கேட்கிறேன்.

வீட்டோடு ஞானஸ்நானச் சான்றிதழ் முதல் எல்லாக் காகிதமும் எரிந்துபோனது. மிஞ்சிய பாஸ்போர்ட்டுகளை வழியில் ஏஜென்ட் பிடுங்கிக்கொண்டான். எப்படியோ ஒரு குளிர் நாட்டில் போய்ச் சேர்ந்து புகலிடம் கேட்டிருக்கிறார்கள். எந்த நாடு என்று எழுத வேண்டாம் என்று அவர்களுடைய வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். அவர் முழுப் பெயரையும் எழுதவில்லை, நீங்கள் கூப்பிட்ட யூசுப் மட்டும்தான்.

அங்கே அதிகாரி கேட்டிருக்கிறார், நீ உண்மையிலேயே கிறிஸ்தவன்தானா என்று. ஆமாம் என்றிருக்கிறார். வளைகுடாவில் இருந்தபோது ரமலான் நோன்பு வைத்தது உண்டா என்று அடுத்த கேள்வி. நம் யூசுப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், "ஏழு வருஷமும் வைத்தேன், ஒன்றுகூட விட்டதில்லை" என்று. அவ்வளவுதான். பெயரும் யூசுப், நோன்பும் வைத்திருக்கிறான், இவன் முஸ்லிம், பொய் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான் என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். மேல்முறையீடு ஒன்றுதான் பாக்கி. அதிலும் தோற்றால் புருஷன், பொண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் என்று நால்வரையும் விமானத்தில் ஏற்றி, வீட்டைக் கொளுத்தியவர்களிடமே திருப்பி அனுப்புவார்கள். அதற்காகத்தான் அவர் உங்களைத் தேடியிருக்கிறார். அந்த ரூமில் இருந்த மற்றவர்கள் நம்பர் கிடைக்கவில்லை, கிடைத்த ஒருவரும் எனக்கு எதற்கு வம்பு என்று சொல்லிவிட்டாராம்.

அந்த ரூம் கதை எனக்குத் தெரியும். நீங்கள் வெள்ளிக்கிழமை போனில் சொன்னதுதான். எட்டுப் பேருக்கு ஒரு அடுப்பு. ஏழு பேர் பட்டினியாக இருக்கும்போது நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவேன் என்று அவரும் பகல் முழுக்கத் தண்ணீர் தொட மாட்டார். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்து உங்களுக்கு ரொட்டி சுட்டுக் கொடுப்பார். சாயங்காலம் நோன்புக் கஞ்சிப் பானையைக் கிண்டுவதும் அவர்தான். நீங்கள் தொழப் போனால் அவர் பாத்திரம் கழுவுவார். கஞ்சி குடிக்கும் முன்னால் சிலுவை போட்டுக்கொள்வார்.

அதனால் நான்தான் சரியான ஆள் என்று நினைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்தேன். கோர்ட்டு எதிரே டைப் அடிக்கிற கடைக்குப் போய் ஒரு வாக்குமூலம் சொல்லி எழுதி, நோட்டரி வக்கீலிடம் முத்திரை வாங்கி அனுப்பினேன். அதில் என்ன சொன்னேன் தெரியுமா? "யூசுப் எங்கள் ஆட்களைவிட ஒழுங்காக நோன்பு வைத்தவர், அவ்வளவு நல்ல மனிதர்" என்று.

நம் தெருவில் இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா? முக்கு வீட்டு மேரி டீச்சர் வருஷா வருஷம் இருபத்தேழாம் நோன்பு வைப்பதைத் தெருவே மெச்சுகிறது. கஞ்சிக்குத் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள் இல்லை. அந்த நினைப்பில் சொல்லிவிட்டேன். பாராட்டு என்று நினைத்து அந்த மனிதர் கழுத்துக்கே சுருக்குப் போட்டிருக்கிறேன். அரசாங்கத்து வக்கீல் என் காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, "இதோ அவர்களுடைய சாட்சியே சொல்கிறார்" என்றாராம். வக்கீலம்மா போனில் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தேன். கெடுத்தது நான், நேராக்குவதும் நான்தான் என்று முடிவு செய்துவிட்டேன். வீடியோ வழியாக நானே சாட்சி சொல்லலாம் என்றார் வக்கீலம்மா. ஆனால் சொல்வதற்கு ஒரு ஆதாரம் வேண்டும் என்றார். வெறும் வாய்ச்சொல் போதாது.

சேதி உங்கள் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பாகிஸ்தான்காரனோடு பேச்சு என்றால் போலீஸ் வரும், பர்ஹானாவைப் பெண் கேட்டு வருகிறவன் என்ன நினைப்பான் என்று ஆரம்பித்தார். நான் கை வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அதுவும் நம்ம ஆளுங்களக் குத்தம் சொல்லி ஒரு பொம்பள கோர்ட்டுல பேசுததா? ஜமாத்துல எவன் கேட்டாலும் நான் என்ன சொல்ல?" என்றார்.

"பொய்ப் பழி போட்டுப் பிள்ளைகளோட வீட்டக் கொளுத்துனவன் நம்ம ஆளா, பெரிய மச்சான்?" என்றேன். "கதவத் தொறந்து பிள்ளைகள ஒளிச்சு வச்சா பாருங்க, அவதான் நம்ம ஆளு. நான் அல்லாவுக்குப் பயந்துதான் போறேன். ஜமாத்துல அப்படியே சொல்லுங்க."

அவர் டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். நான் போட்ட தையல் கோணிப் போயிருந்தது உண்மை. ஆனால் அவர் போன பிறகுதான் பிரித்துத் தைத்தேன்.

இனிமேல் எழுதப்போவதற்கு நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். என் தங்கை சபீனா நிக்காஹ் ஞாபகம் இருக்கிறதா? பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஒரு மாத லீவில் வந்திருந்தீர்கள். வந்த நாள் முதல் கறியைத் தொடவில்லை. ஆட்டுக்கால் சூப்பு வைத்தேன், வேண்டாம். கோழி வைத்தேன், வேண்டாம். யாரோ வைத்த மருந்து என்று உங்கள் அம்மா தகடு மந்திரிக்கக் கிளம்பிவிட்டார்கள். கல்யாணத்தன்றாவது சாப்பிடுவீர்கள் என்று பார்த்தால், மூத்த மருமகன், மாப்பிள்ளைக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு, இலையில் வந்த பிரியாணியைத் தள்ளிவிட்டுத் தயிர்ச் சோறு கேட்டீர்கள்.

எங்கள் வீட்டை அவமானப்படுத்தத்தான் அப்படிச் செய்தீர்கள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் நான் போட்ட சண்டை! நீங்கள் ஏதோ காரணம் சொல்ல வந்தீர்கள். "எவனோ ஒருத்தனுக்காக எங்க வீட்டுச் சோத்த ஒதுக்குவீங்களோ?" என்று கத்தி உங்கள் வாயை அடைத்தது நான். நாலு நாள் பேசவில்லை. நீங்கள் விமானம் ஏறப் போன அன்றும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு நீங்களும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்தால் சண்டை வரும் என்றா? இவளுக்குப் புரியாது என்றா?

அந்தக் காரணம்தான் இப்போது எனக்கு வேண்டியிருந்தது, மச்சான். தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது பொறி தட்டியது. எவனோ ஒருத்தன் யார்? அது பங்குனி தொடங்கிய சமயம். மேரி டீச்சர் வீட்டிலும் அப்போதுதான் கறி வேகாது. டீச்சரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். சபீனா கல்யாணத் தேதியைச் சொன்னதும் பழைய ஜெபப் புத்தகத்தை எடுத்து அந்த வருஷத்து ஈஸ்டரிலிருந்து எண்ணிப் பார்த்தார். "ஆமாம்மா, தவக்காலத்துக்கு நடுவுல வருது" என்றார்.

சபீனாவைக் கட்டிக் கொடுத்தது கடையத்தில். பந்தியில் நீங்கள் பிரியாணியைத் தள்ளியதை வீடியோ எடுத்திருப்பானே என்று முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் அவள் பீரோவைக் கவிழ்த்துப் போட்டேன். கல்யாண சி.டி. இரண்டு இருந்தது. ஒன்று கீறல் விழுந்து போயிருந்தது. மற்றதைத் தென்காசி ஸ்டூடியோவில் கொடுத்து லேப்டாப்பில் ஓட விட்டேன். மூன்று மணி நேரம் மாலையும் பூவும் மாமிமார் நகையும்தான். கடைசியில் பந்தி வந்தது. கேமராக்காரன் ஒவ்வொரு இலையாகக் காட்டிக்கொண்டு வந்தான். உங்களிடம் வந்து நின்றான். என் தம்பி கையில் பிரியாணி வாளியோடு, "மச்சான் என்ன, அய்யராயிட்டீங்களா?" என்று கேலி பண்ணுகிறான். நீங்கள் சிரித்தீர்கள்.

"இல்லலே. என் ரூம்ல யூசுப்புன்னு ஒருத்தன் இருக்கான், கிறிஸ்தவன். இப்ப அவனுக்கு நாப்பது நாள் விரதம், கறி தொட மாட்டான். நம்ம நோன்புக்கு அவன் பச்சத் தண்ணி குடிக்காம இருந்தாம்லா? அவன் விரதத்துக்கு நான் இருக்கேன். நீ அடுத்த எலையப் பாருலே."

இரண்டரை வருஷம் கழித்து உங்கள் குரல். ஸ்டூடியோப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எதற்கு அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் இல்லையே என்றா, அன்றைக்கு ஒரு நிமிஷம் உங்களைப் பேச விட்டிருக்கலாமே என்றா?

அந்தப் பகுதியை போனில் ஏற்றி நேராக உங்கள் அண்ணன் வீட்டுக்குத்தான் கொண்டு போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை பார்த்தார். "தம்பி கொரலுல்லா" என்றார். விசாரணை நாளன்று காலையில் ஆட்டோவோடு வாசலில் வந்து நின்றார்.

நம் வீட்டில் நெட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பர்ஹானாவின் லாட்ஜுக்குப் போனோம். நல்ல சீசன், விடாத சாரல். ஊர் முழுக்க ஈரத் துண்டும் எண்ணெய் வாடையுமாக ஜனங்கள் அருவிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், நான் பைலைப் புர்காவுக்குள் மறைத்துக்கொண்டு போகிறேன். மேனேஜர் அண்ணாச்சி, ரூம் கேட்டு வந்தவர்களை எல்லாம் காத்திருக்கச் சொல்லிவிட்டுத் தன் ஆபீஸ் ரூமை எனக்கு ஒழித்துக் கொடுத்தார். கரண்ட் போனால் உடனே ஜெனரேட்டரைப் போட ஒரு ஆளையும் நிறுத்தினார். ஜன்னலுக்குக் கீழே எண்ணெய் தேய்க்கிறவர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். உங்கள் அண்ணன் போய் என்ன சொன்னாரோ, அவர்கள் சத்தம் போடாமல் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

கை கால் முகம் கழுவி ஒளு செய்து, குர்ஆன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். நீதிபதி ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். மொழி பெயர்த்தவர் இலங்கைத் தமிழ்ப் பெண். "ஆறுதலாச் சொல்லுங்கோ அம்மா, அவசரமில்லை" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. திரையின் ஓரத்தில் யூசுப் உட்கார்ந்திருந்தார். நீங்கள் காட்டிய போட்டோவில் இருந்த மீசையே இல்லை, முடியெல்லாம் நரைத்துவிட்டது.

அரசாங்கத்து வக்கீல் என் பழைய காகிதத்தை வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். இது நீங்கள் சொன்னதுதானே என்றார். நான்தான் என்றேன். ஒரு நோன்பும் விடாமல் வைத்தவர் முஸ்லிமாகத்தானே இருக்க வேண்டும் என்றார். அப்போதுதான் உங்கள் பந்தியைப் போட்டுக் காட்டச் சொன்னேன். நீங்கள் பேசினீர்கள். அந்தப் பெண் ஒவ்வொரு வார்த்தையாக மொழி பெயர்த்தார். யூசுப் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு நான் கேட்டேன். "ஐயா, இது என் வீட்டுக்காரரு. இன்னொருத்தருக்காக நாப்பது நாள் கறி தின்னாம இருந்தாரு. அதுக்காக அவரக் கிறிஸ்தவருன்னு சொல்லுவீங்களா? அவரு எங்க பள்ளிவாசல் மையவாடியிலதான் படுத்திருக்காரு. அவரு முஸ்லிம்னா, இவரும் கிறிஸ்தவருதான்."

அந்த வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். வேறு கேள்வி இல்லை என்றார். நீதிபதி உங்கள் பகுதியை இன்னொரு தடவை போடச் சொன்னார். நீங்கள் கேட்டிருந்தால் கூச்சத்தில் எங்காவது போய் ஒளிந்திருப்பீர்கள். எனக்கோ தலை நிமிர்ந்துவிட்டது. வெளியே வந்ததும் மேனேஜர் அண்ணாச்சி, "எம்மா, வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீங்க" என்றார். அதை அப்போதே சொல்ல ஆள் இருந்ததா?

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. மனுவை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இனி அவர்களை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. பர்ஹானா ரிசப்ஷனில் நின்றபடியே மெயிலை வாசித்துவிட்டுப் போன் போட்டாள். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத பெண் அன்றைக்குப் போட்ட சத்தத்தில் லாட்ஜே திரும்பிப் பார்த்ததாம். உங்கள் அண்ணன் பள்ளிவாசலில் தானாகவே போய்ச் சொல்லியிருக்கிறார், என் தம்பி சாட்சி சொன்னான் என்று. என் பேரைச் சொன்னாரா என்று கேட்டேன். "ஒம்பேரத்தாம்மா மொதல்ல சொன்னேன்" என்றார்.

போன மாதம் யூசுப் பேசினார். அங்கே தங்குவதற்கு ஏதோ ஃபாரம் நிரப்ப வேண்டுமாம். குடும்பத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவர் என்ன உறவு என்று அதில் ஒரு கட்டம். அவருடைய கூடப் பிறந்தவர்கள் பயத்தில் நம்பரையே மாற்றிவிட்டார்கள். எழுத ஆள் இல்லாமல் அந்தக் கட்டத்தை மட்டும் விட்டு வைத்திருந்தார். "அண்ணி, ஒங்க பேர எழுதலாமா?" என்று கேட்டார். குரல் தயங்கியது. "எழுதிட்டுல்லா கேட்டிருக்கணும்" என்று திட்டினேன்.

எழுதிவிட்டார், மச்சான். பேர்: மும்தாஜ். ஊர்: தென்காசி. உறவு: அண்ணி. அங்கே ஒரு அரசாங்க அலமாரியில் இப்போது அந்தக் காகிதம் இருக்கிறது. உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவர்களுக்கு ஒன்று என்றால் தகவல் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டேன். போய் நிற்பேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். விசாரிக்க வந்த போலீஸ்காரர், வெளிநாட்டில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். கொழுந்தன் குடும்பம் என்று சொன்னேன்.

உங்கள் மனைவி,
பர்ஹானாவின் அம்மா,
யூசுபின் அண்ணி
மும்தாஜ்